இன்னும் கேட்குது

பதின்மூன்று வருடம் உழைத்த ரிசீவருக்கு
இரண்டாம் வாய் அடைத்துவிட்டது.
டிவியும் அதுவும் கைகுலுக்கிக்கொள்ள
மூன்று நொடி ஆகிறது.
அந்த மூன்று நொடியில்தான்
எல்லாப் படத்திலும்
கொலைகாரன் பெயரைச் சொல்கிறார்கள்.

நவம்பரிலிருந்து தேடினேன்.
ஏழு சேனலா, ஒன்பதா, பதினொன்றா.
எல்லாம் ஒரே பெட்டியிலா,
இல்லை மூளை தனி தசை தனி என்று
ப்ராசஸர் ஒன்று, ஆம்ப்ளிஃபையர் ஒன்றா.
கல்கரியிலிருந்து இளவழுதி போனில் சொன்னான்:
"பிரிச்சு வாங்குடா, கூட்டுக்குடும்பம் ஒத்து வராது."
போன வருடம் விவாகரத்து ஆனவன்.
பாதியைக் கழித்துக்கொண்டேன்.

எங்கள் மில்வுட்ஸ் பேஸ்மென்டில்
கூரை கைக்கெட்டும்.
குறுக்கே ஹீட்டர் குழாய்
சினைமாட்டு வயிறாய்த் தொங்கும்.
தலைக்குமேல் மழைச் சத்தம் பெய்ய
அதில் எங்கே நாலு ஸ்பீக்கர் பதிப்பது?
"மழைதானே? ஜூன்ல வெளிய போய் நில்லு"
என்றாள் கோதை.

கடைக்கார ரோமெல் நல்ல மனுஷர்.
முப்பது நாள் வைத்துப் பாருங்கள் என்று
ப்ராசஸரைக் காரில் ஏற்றிவிட்டார்.
வரியோடு நாலாயிரத்துச் சொச்சம்,
ஆம்ப்ளிஃபையர் அதில் சேராது.
சீட் பெல்ட் போட்டுக் கூட்டி வந்தேன்.

அறையை அளக்க
கூடவே ஒரு மைக் வந்தது.
இருமல் ஆகாது, தும்மல் ஆகாது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று;
ஃபர்னஸை அணைத்தோம்.
ஃப்ரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கினோம்.
சோபாவுக்குப் பின்னால் தரையில்
நான், கோதை, நடுவில் பூனை வடகம்.

உறுமலாய்த் தொடங்கி
ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஏறியது ஓசை.
ஊளை, விசில், ஊசி,
பிறகு ஒன்றுமில்லை.
முடிந்தது என்று எழுந்தேன்.
கோதை சட்டையைப் பிடித்து இழுத்தாள்.
"இன்னும் கேட்குது"
உதட்டால் மட்டும் சொன்னாள்.

அவள் பிடி தளர்ந்த பின்னும்
வடகத்தின் காதுகள்
இடது ஸ்பீக்கரை நோக்கியே நின்றன.

எட்டு இடத்தில் மைக்கை வைத்தோம்.
எட்டு முறையும்
எனக்குத்தான் முதலில் முடிந்தது.

நிஸ்குவில் ஒன்பது வருடம்
கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றவன்,
காதடைப்பானைக் கழுத்தில்
மாலையாய்ப் போட்டுக்கொண்டு.

திரையில் கோடு வந்தது.
இந்த மூலையில் பள்ளம், அந்தச் சுவரில் மேடு,
எல்லாவற்றையும் பச்சைக் கோட்டில் நிரவியிருந்தது.
அடுத்த பக்கம் என்ற பொத்தானை
வெகுநேரம் தேடினேன்.

"எப்போலேர்ந்து?" என்றாள்.
தமிழ்ப் படத்துக்கும் சப்டைட்டில் கேட்டபோதெல்லாம்
"தமிழ் மறந்துபோச்சா" என்று சிரித்தவள்.
நான் கேபிள்களைச் சுருட்டினேன்,
சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினேன்.
ஃபர்னஸ் ஞாபகம் வரும்போது
மூக்கு நுனி சில்லிட்டிருந்தது.

இருபத்தாறாம் நாள் பெட்டியைத் திருப்பினேன்.
ஏன் என்றார் ரோமெல்.
ரூம் சின்னது என்றேன்.
ஒன்பது சேனல் போதும் என்று
நடுத்தர விலையில் ஒன்று வாங்கினேன்.
நடு ஸ்பீக்கரை மட்டும்
நாலு டெசிபல் கூட்டி வைத்திருக்கிறேன்.
வசனம் இப்போது கத்துகிறதாம்;
கோதை பொறுத்துக்கொள்கிறாள்.
வியாழன் பத்தரைக்குக் காது டாக்டர்.

புதியது சூடேறுவதில்லை.
வடகம் ஒருமுறை மேலே ஏறிப் பார்த்து
இறங்கிவிட்டது.
அதற்காகவே
ஒரு ஸ்பீக்கரும் இல்லாமல்
கீழ்த்தட்டில் எரிகிறது பழையது.
நேற்று இரவு குனிந்து
அதன் முதுகில் உறங்கும் பூனைமேல்
இடது காதை வைத்தேன்.
கர்ர் என்றது.
அது கேட்கிறது.