ஒரே ஒரு ஆணி

தரகு பார்க்கும் மா கியோங்-நான்
சாவிக்கொத்தை ஆட்டியபடி கேட்டாள்:
அலுவலகம் எந்தப் பக்கம்?
தெற்கே. ஆறு தாண்டி, குரோ.
பிறகேன் சியோலின் வட கோடியில் வந்து நிற்கிறாய்?

மின்கம்பிகளுக்கு மேலே
வெள்ளையாய் ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது.
இன்சுபோங்.
என் கண் போன திசையில் அவளும் பார்த்தாள்,
பேருந்து வருகிறதா என்று பார்ப்பவள் போல.

முதல் அறை பாதி மண்ணுக்குள்.
சன்னலில் செருப்புகள் நடந்தன.
எலி வளையானாலும் தனி வளை, சரி.
ஆனால் சுவரில் என் இடுப்பளவுக்கு ஒரு நீர்க்கோடு,
அதன்மேல் பூப்போட்ட காகிதம்.
கயிற்றை எங்கே உலர்த்துவது என்றேன்.
எவ்வளவு கயிறு?
அறுபது மீட்டர்.
அவள் கண் ஒரு கணம்
கூரைக்குப் போய்த் திரும்பியது.

அவசரமாய்ச் சொன்னேன்:
பாறை ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில்.
ஆட்களோடு.
அப்பாடா, என்று
சாவிகளைப் பையில் போட்டாள்.
அதன்பின் என் விரல்களைப் பார்த்தபடியே நடந்தாள்.

இன்னொன்று இருக்கிறது, அவளிடம் சொல்லவில்லை.
போன வாரம் குரோவில் பார்த்தது.
பதினோராம் மாடி. மேசைக்குப் பன்னிரண்டு நிமிடம்.
அதே கட்டடத்தின் அடியில் ஏறும் கூடம்,
மிட்டாய் நிறத்தில் நெகிழிப் பிடிகள்.
மழையிலும் ஏறலாம், நடுநிசியிலும் ஏறலாம்,
விழுந்தால் மெத்தை.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
குறை தேடி
இரண்டு இரவு தூங்காமல் கிடந்தேன்.

நாம்குங் தொலைபேசியில் சிரித்தான்:
வீடு பார்க்கிறாயா, பாறைக்குப் பெண் பார்க்கிறாயா?
அவனுக்குச் சுவோனில் இரட்டைக் குழந்தைகள், மூன்று மாதம்.
ஏழு வருடம்
என் கயிற்றின் மறுமுனையில் இருந்தவன்.
வருவேன் என்றான்.
எப்போது என்று நான் கேட்கவில்லை.
அவனுக்குப் பின்னால் ஓர் அழுகை
முடிந்த இடத்தில் மற்றது தொடங்கியது.

பாறை பக்கத்திலிருந்தும்
கயிறு பிடிக்க ஆளில்லையென்றால்
அந்தச் சன்னல் வெறும் நாட்காட்டிப் படம்.
அந்தக் கணக்கையும் போட்டேன்.
போட்டுவிட்டுத்தான் மூன்றாவது அறைக்குப் போனேன்.

ஐந்து மாடி. லிஃப்ட் இல்லை என்று
மன்னிப்புக் கேட்கும் குரலில் ஆரம்பித்து,
பாதியில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.
மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை.
கோடையில் வாணலி, குளிரில் குழாய் உறையும்,
அதையும் அவளே சொன்னாள்.
வடக்கு பார்த்த சன்னல்.
வெயில் வராதே, என்றாள்.
வெயில் வராது,
பாறை வரும்.
விரிசல் விரிசலாய், கையெட்டும் தூரம் போல் பொய் சொல்லிக்கொண்டு.

ஆனால் என்னை நிறுத்தியது அதுவல்ல.
எதிர் மாடியில், இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே
தொய்வாய் ஒரு நீலக் கயிறு காய்ந்தது.
நடுக்குறி கறுப்பு மையில். ஒரு முனை வெட்டுப்பட்டது.
யாருடையது?
யாருக்குத் தெரியும், என்றாள் கியோங்-நான்.
உன்னை மாதிரி யாராவது.

வீட்டுக்காரர் ஓக், முன்பு பேருந்து ஓட்டியவர்.
ஒப்பந்தத்தின் அடியில் பேனாவால் எழுதினார்:
சுவரில் ஆணி, ஒன்று.
சிவப்பு முத்திரை குத்தினார்.
இரண்டு? என்றேன்.
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

குடிவந்து நான்கு ஞாயிறு. நான்கும் மழை.
பாறை நனைந்து யானை நிறத்தில் நிற்கிறது.
அலுவலகத்துக்கு ஒரு மணி பத்து நிமிடம்,
இரண்டு இடத்தில் ரயில் மாறி,
மேல்பிடியில் தொங்கிக்கொண்டு.
பக்கத்திலிருப்பவர்கள் நான் தூங்குவதாய் நினைக்கிறார்கள்;
நான் விரல் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

நீலக் கயிற்றை மழை உள்ளே கொண்டுபோய்விட்டது.
எந்தக் கதவு என்று தெரியவில்லை.
நேற்றிரவு அந்த மாடியில் ஒருத்தி
குடையோடு வந்து நின்றாள்,
வடக்கே பார்த்தாள்,
நாக்கைச் சப்புக் கொட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஆணி இன்னும் என் சட்டைப்பையில்.