இருபது நிமிடச் சிவப்பு

எட்டே முக்காலுக்கு முன் சூரியன் எட்டிப் பார்க்காத மாதம்.
எட்மன்டனில்
ஓரெஸ்ட் கதவைத் திறப்பதற்குள்
என் இமைமுடி உறைந்துவிடுகிறது.
"லேட்" என்கிறார்.
லேட் இல்லை.

இடது கணுக்காலுக்கு மேலே
பதினான்கு மாதமாக மூடாத வாய்.
மூன்று வகை மாத்திரைகளைத் தின்றும்
பசி அடங்காத வாய்.
கட்டைப் பிரித்ததும் புளித்த திராட்சை நாற்றம்.
நான் மூக்கைச் சுளிக்கிறேனா என்று
என் முகத்தையே பார்த்திருக்கிறார்.

விளிம்பைச் சுரண்டுகிறேன்.
"அப்படித்தான்" என்கிறார்.
"முதலில் துருவை எடுக்கணும்.
துரு இருந்தால் இரும்பு இரும்பைப் பிடிக்காது."
முப்பத்தெட்டு வருடம் எண்ணெய்க் குழாய்களில் வெல்டிங்.

காகித ஸ்கேலை வைக்கிறேன்.
போன வியாழன் ஆறு செண்டிமீட்டர்.
இன்று ஐந்தே முக்கால்.
ஆறு, என்கிறேன் தமிழில், வாய்க்குள்.
என்ன சொன்னாய்?
எண், என்றேன்.
புண்ணிடம் சொன்னேன் என்று
எப்படிச் சொல்வது இவருக்கு?

உறையைக் கிழிக்கிறேன்.
நீலச்சாயம் ஊறிய துணி.
இருட்டில் இது வெறும் துணி,
ஒன்றும் செய்யாது.
விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் விழித்துக்கொள்ளும்,
அங்கேயே கிடக்கும் காற்றைக் கூராக்கி
கிருமிகளின் தோலைக் கிழிக்கும்.
பயிற்சியில் இன்னும் நிறையச் சொன்னார்கள்,
எனக்குத் தங்கியது இவ்வளவு.

கறுப்புக் கண்ணாடியை நீட்டுகிறேன்.
சிரிக்கிறார், இருமல் வரும்வரை.
வேலைக்கு வந்த பையன்களிடம் அவர்தான் கத்துவாராம்,
நெருப்பைப் பார்க்காதே, நெருப்பைப் பார்க்காதே.
ஒரு தடவை அவரே பார்த்துவிட்டார்.
கண்ணுக்குள் விடியவிடிய மணல்.
இமைமேல் உருளைக்கிழங்குத் துண்டுகளோடு
ஃபோர்ட் மக்மரி சாலையோரம்
லாரிக்குள் கிடந்திருக்கிறார்.

விளக்கைப் போடுகிறேன்.
இருபது நிமிடம்.
"சூடே இல்லையே" என்கிறார்.
சுடாத வெளிச்சத்தை
அவர் இன்னும் நம்பவில்லை.
நாய் சோஃபாவுக்கு அடியில் போய்விட்டது.
சுவர், மருந்துப்பெட்டி, அவர் முழங்கால்,
எல்லாம் சிவப்பு.
எங்கள் இரண்டு பேர் கைகளும்
ஒரே நிறம், இருபது நிமிடத்துக்கு.

பிறகு கட்டுப் போட்டேன்.
காலுறையில் நீலக்கறை,
"துவைத்தாலும் போகலை" என்று புகார்.
எழுதிக்கொண்டேன், அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது படிவத்தில்.
குணமா என்ற கட்டத்தில்
'சிறிது' என்று எழுதி
'சிறிது' போதுமா என்று யோசித்து
அப்படியே விட்டேன்.

கார் எஞ்சினில் செருகிய மின்கம்பியைச் சுருட்டும்போது
பனிமேல் வெயில் விழுந்துவிட்டது.
வாசலில் அவர்,
ஒரு காலில் பாரம் போட்டு,
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல்
நேராகச் சூரியனைப் பார்த்துக்கொண்டு.

பார்க்காதீர்கள் என்று கத்தினேன்.