வெற்றுத் துடிப்பு

ஜனவரி. தில்லிப் பனிமூட்டத்தில்
எதிர்க்கட்டடம் காலையிலிருந்து காணோம்.
பூங்காவனத்தின் பாதம் இருபத்தாறு டிகிரி.
முப்பத்திரண்டு ஏறாமல் தொடங்கக் கூடாது,
குளிர்ந்த நரம்பு பொய் சொல்லும்.
எரிகிறது என்று வந்தவளின் காலுக்கு
வெந்நீர்ப் பை கட்டிக் காத்திருக்கிறேன்.

திரிலோக்புரியிலிருந்து இரண்டு பஸ்.
நாலு வீட்டுப் பாத்திரம்.
"கங்கு மேல நிக்கிறாப்ல இருக்குதுன்னா
டாக்டரு பேப்பரைக் காட்டுறாரு."
மடித்து மடித்து நைந்த பேப்பர்:
நார்மல். நார்மல். நார்மல்.
அது தடித்த நரம்புகளின் கணக்கு.
நெடுஞ்சாலையை மட்டும் பார்த்துவிட்டு
சந்துகளில் எல்லோரும் சுகம் என்று
யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

சந்துக்குள் போக என்னிடம்
பொட்டு அகலத்தில் ஒரு வட்டம்,
அதில் கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனைகள்.
தோலின் மேலேட்டில் முடிகிற
மெல்லிய நார்களை மட்டும் தட்டிப் பார்க்கும்.
சிலவற்றுக்கு மேலுறைகூடக் கிடையாது;
சேதியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வரும்.
பாதத்தில் கிளம்பினால் தலைக்கு வர
ஒன்றரை நொடி.
அந்த ஒன்றரை நொடியும்
அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.

"சுருக்குன்னா பொத்தானை அமுக்குங்க."
மின்சாரம் இம்மி இம்மியாக ஏறுகிறது.
அமுக்குகிறாள். இறக்குகிறேன். விடுகிறாள். ஏற்றுகிறேன்.
உணர்வின் நிலைப்படி எந்த உயரத்தில் என்று
இருட்டில் காலால் துழாவுகிற மாதிரி.

நடுநடுவே இயந்திரம்
ஒன்றுமே அனுப்பாமல் 'பீப்' என்னும்.
ஆள் உண்மையா என்று பார்க்க.
அதற்கும் அமுக்கினாள்.
மறுபடி. மறுபடி.
மூன்றுக்கு மேல் போனால்
'நம்பத்தகாதவர்' என்ற கட்டத்தில் குறியிட வேண்டும்.
சுட்டி அங்கேதான் நிற்கிறது.

"இப்ப எங்கம்மா குத்துச்சு?"

"நீங்க ஒட்டுறதுக்கு முன்னயே குத்துதுங்க.
எது உங்களுது, எது என்னுதுன்னு
பிரிச்சு வெச்சுக்கச் சொல்லலியே."

பதினொரு வருஷமாக இந்த நாற்காலி.
குறிப்பு எழுதத் திரையில் நாற்பது எழுத்துக்கு இடம்.
எழுதினேன், நீளம் என்று தள்ளிவிட்டது.
சுருக்கினேன். சுருக்கியதில் அவள் சொன்னது இல்லை.
எல்லாவற்றையும் அழித்தேன்.

"முதலேர்ந்து வைப்போம். உங்களுது கிடக்கட்டும்,
அதுக்கு மேல ஏதாச்சும் புதுசா வந்தா மட்டும்."
தலையாட்டினாள்.
அதற்குள் பாதம் முப்பதுக்கு இறங்கிவிட்டது.
கெட்டிலைப் போட்டேன்.

மூன்றாவது வீட்டிலிருந்து போன்.
திக்காத இந்தியில் சொல்கிறாள்:
"இன்னைக்கு நேரமாகும், தீதீ.
கால் இன்னும் சூடாகல."