செக்கிங்

பீஸுக்கு அரை நிமிஷம் எனக்கு.
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட அக்குள்,
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டி
அக்கட்டால தள்ளிவிடுவேன்.

அனுப்பர்பாளையத்தில் பஸ் இறங்கி
வீட்டுக்கு வந்தாலும் கை நிற்பதில்லை.
முடி ஏன் இப்படி, போனில் யாரு,
கெமிஸ்ட்ரியில் ஏன் முப்பத்தொண்ணு.
பிரணீஷ் கதவைச் சாத்திக்கொள்வான்.

அதுகூடப் பரவாயில்லை.
சில வாரம் எதுவுமே கேட்க வராது.
விசில் எண்ணிக்கை தவறும்,
அடி பிடித்த வாசத்திலும் எழுந்திருக்க மாட்டேன்.
சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன்.
அவன் பதினோரு மணிக்கு வந்து
வேண்டுமென்றே ஸ்கூட்டியை முறுக்கி நிறுத்துவான்,
செருப்பை உதறுவான்,
வாசற்படியில் கொஞ்ச நேரம் நிற்பான்.
திட்டு வராது.

ஒறம்பரைக்கெல்லாம் கேஸ் டிரபிள் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.
கோயமுத்தூர் டாக்டர் எழுதிக்கொடுத்த அட்டை
ராகி டப்பாவுக்குப் பின்னால்.
பையனுக்குத் தெரியாது என்றிருந்தேன்.

நேற்று எடுத்தால்,
கணக்குக்கு ஒரு மாத்திரை கூடுதலாய் நிற்கிறது.
அதன் மேல் சின்னதாய் ஒரு சிவப்பு அம்பு.
என் பையிலிருந்து கிழித்த ஸ்டிக்கர்தான்.

பதினாறு வயசுக்கு இந்த வேலையா.
அம்பைப் பிய்க்கப் போனேன், வரவில்லை,
நல்ல பசை அது.

ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டதும்
"டேய், மணி என்னாச்சு" என்றேன்.
குரல் எனக்கே புதுசாய் இருந்தது.
அவன் பதில் பேசாமல் உள்ளே போய்,
கதவைச் சாத்தாமல்,
"சாப்பிட்டயா" என்று கேட்டான்.

"ம்" என்றேன்.
சோறு இன்னும் வைக்கவில்லை.