ஒற்றைப்படை

யெல்காவா ரயில் நிலையத்துக்குப் பின்னால்
சரக்குத் தண்டவாளம் வளைகிற இடத்தில்
எங்களுக்கு நாலு பாத்தி.
அம்மா அங்கே டேலியா வளர்த்தாள்.
வளர்த்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.
அதட்டினாள்.
நிமிர்ந்து நில் என்று குச்சியோடு சேர்த்துக் கட்டினாள்,
கிழிந்த என் பள்ளிக் காலுறைகளை
நாடா நாடாவாகக் கத்தரித்து.

டிக்கெட் ஜன்னலுக்குள் உட்கார்ந்து பகல் முழுக்க
யார் யாருடைய ஊருக்கோ சில்லறை எண்ணிய கை.
மாலையில் மண்ணுக்குள் போய்விட்டால்
எதையும் எண்ணாது,
பூவைத் தவிர.

செப்டம்பர் முதல் தேதி பள்ளி திறக்கும்.
டீச்சருக்கு ஏழு பூ, ஈரச் செய்தித்தாளில் சுற்றி.
எண்ணு, என்பாள் வாசலில்.
எண்ணுவேன்.
இன்னொரு தரம்.
உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படை,
இரட்டைப்படை செத்தவர்களுக்கு.
பேருந்தில் ஒன்று ஒடிந்தால்
இன்னொன்றையும் பிய்த்துப் போட்டுவிடு,
ஆறோடு மட்டும் போய் நிற்காதே.

ஒரு வருடம் போய் நின்றேன், வேண்டுமென்றே.
கணக்கு டீச்சர் ஸ்கைட்ரீதே வாங்கினார், எண்ணினார்,
ஒன்றை உருவி என்னிடமே தந்துவிட்டு
பாடத்தைத் தொடங்கினார்.

இந்த வருடம் உறைபனி தாமதம்.
அம்மா தாமதிக்கவில்லை.

அண்ணன் உல்டிஸ் டப்ளினிலிருந்து வந்து சேர்வதற்குள்
அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன்.
செடிகள் என் தோளுக்கு நின்றன,
இடுப்பில் சாயம் போன காலுறையோடு.
ஒயின் நிறம், செங்கல் நிறம்,
ஒரு வாளி எருவுக்கு மாற்றாகப்
பக்கத்துப் பாத்தியிலிருந்து வந்த
பெயர் தெரியாத மஞ்சள்.
உதறினால் ஒவ்வொன்றிலும் ஒரு கொடுக்குப்பூச்சி.
டேலியாவுக்கு வாசனை கிடையாது,
எல்லாருக்கும் தெரியும்.
ஆனால் வெட்டிய தண்டுக்கு உண்டு,
பச்சையும் கசப்புமாக ஒன்று.
அவள் ரொட்டி அறுத்துத் தரும்போது
ரொட்டியிலும் அது இருக்கும்.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். பதினொன்று.
இன்னொரு தரம்.
பதினொன்றுதான்.

ஒன்றை உருவியாக வேண்டும்.
எதை என்று தெரியாமல்
கோட்டைக் கூடக் கழற்றாமல் நின்றேன்.
உல்டிஸ் வந்து பெட்டியை வைத்துவிட்டு
சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டான்.

பத்து அவளோடு போயின.
மஞ்சள் மட்டும் ஜாம் புட்டியில்
நாலு நாள் ஜன்னலோரம் இருந்தது.
ஐந்தாம் நாள் விடியலில்
பாத்தி மொத்தமும் கறுத்திருந்தது,
வேகவைத்த கீரை போல.

கிழங்குகளை எடுத்துவிட வேண்டும் இனி.
உல்டிஸ் மண்வெட்டியைத் தண்டை ஒட்டி இறக்கினான்.
தள்ளி, என்றேன்.
தள்ளித் தோண்டு.
அதட்டலாகத்தான் வந்தது.
அவன் நிமிர்ந்து நின்றான்.