இன்றிரவா?

யாலோவாவிலிருந்து என் தங்கை முபெர்ரா
இரவு பதினொன்றரைக்கு அழைத்துக் கேட்கிறாள்:
"இன்றிரவு உள்ளே படுக்கலாமா?"

இஸ்தான்புல்லில், திரைகளின் முன்னால்,
என்னிடம் இருக்கும் பதில் இது:
அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள்,
அளவு ஏழுக்கு மேல்,
ஏறத்தாழ பாதிக்குப் பாதி.
முப்பது ஆண்டுகளை வைத்துக்கொண்டு
ஒரு படுக்கையை எங்கே விரிப்பாள்?

மர்மரா கடலின் அடியில்
இரண்டு பாறைத்தட்டுகள் தோள் உரசி நிற்கின்றன.
ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர்,
விரல்நகம் வளர்வதைவிட மெதுவாக
நகரப் பார்க்கின்றன. முடியவில்லை.
நகராத ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் ஏறுகிறது.
வாய்தா வாங்கி வாங்கியே
இருநூற்றைம்பது ஆண்டு கடந்த வழக்கு.
பூமியைப்போல் பொறுமை என்பார்கள்.
அந்தப் பொறுமையைத்தான் அளக்கிறேன்,
சம்பளத்துக்கு.

சின்னதாய்த் தொடங்கும் விரிசல்
எப்போது சின்னதாகவே நின்றுவிடும்,
எப்போது நிற்காது?
பாறைக்கே அது முன்கூட்டித் தெரியாதோ என்று
சில பின்னிரவுகளில் தோன்றும்.

மார்ச்சில் ஆழ்துளைக் கிணற்றில் ரேடான் ஏறியது.
மூன்று பேர் தூங்கவில்லை.
பிறகு தெரிந்தது, மழை.
முன்னதிர்வு என்ற சொல்லை
பெரியது வந்துபோன பிறகுதான் எழுத முடியும்.
அதுவரை அதற்குப் பெயர்
அதிர்வு.

சினார்ஜிக் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் தய்யார்
தன் நாய்க்குத் தெரியும் என்றார்.
தொண்ணூற்றொன்பதில், அந்த மூன்று மணிக்கு முன்பு
நாய்கள் ஊளையிட்டதைச் சொல்லாதவர் இங்கே யார்?
ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து
எழுதி வையுங்கள் என்றேன்.
தட்டிக்கழிக்கத்தான் கொடுத்தேன்.
நாலு வருஷம் எழுதியிருக்கிறார் மனிதர்.
குரைத்த நேரம், பார்த்த திசை,
எதிர்வீட்டுப் பூனை, தபால்காரர், மீன்வண்டி.
காரணம் தெரியவில்லை: இருநூற்றுப் பன்னிரண்டு.
நிலம் ஆடியது: மூன்று முறை.
மூன்று முறையும் நாய் தூங்கிக்கொண்டிருந்தது.
அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்.
நோட்டைத் திருப்பித் தரும்போது
அவர் முகத்தைப் பார்க்காமல் தேநீரைப் பார்த்தேன்.
எங்கள் கருவிகளின் நோட்டும்
கிட்டத்தட்ட இப்படித்தான் என்று சொல்ல
வாய் வரவில்லை.

நாள் குறித்துக் கொடுப்பவர்கள்
தொலைக்காட்சியில் இருக்கிறார்கள்.
போன வாரம் ஒருவர் வியாழக்கிழமை என்றார்.
வியாழன் வந்தது, காய்கறி வாங்கியது, போனது.
வெள்ளியன்று அவர் மறுபடி வந்தார்,
புது டையோடு.
எனக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.
வெளியே வா என்று நான் சொன்னால்
ஆஸ்பத்திரிக் கட்டில்கள் பனியில் நிற்கும்.
வராவிட்டால்
அடுத்த முறை புலி வருது என்று சிரிப்பார்கள்,
அந்த அடுத்த முறை
அது வரலாம்.

"அக்கா, இருக்கிறாயா?"

"அந்த அலமாரி இன்னும் தலைமாட்டில்தானா?"
"ஆமாம்."
"நான் அனுப்பிய இரும்புக் கோணத்தைச் சுவரில் அடித்தாயா?"
"செஸாய் ஞாயிற்றுக்கிழமை அடிக்கிறேன் என்றார்."
"எந்த ஞாயிற்றுக்கிழமை?"
மௌனம்.
"கட்டிலை இழு."
"இப்போதா?"
"இப்போது."

போனைத் தரையில் வைத்துவிட்டாள் போல.
கேட்கிறேன்:
மரக்கால்கள் தரையைக் கவ்வுகின்றன,
அவள் இழுக்கிறாள், ஒன்றுமில்லை,
இழுக்கிறாள், ஒன்றுமில்லை,
திடீரென்று ஒரு குலுக்கலில்
கிறீச்சென்று ஒரு சாண்.
மறுபடி பிடித்துக்கொள்கிறது.
இருபது ஆண்டாகத் திரையில் நான் பார்ப்பது இதுவேதான்.
கண்ணை மூடிக்கொண்டு
எந்த இழுப்பில் நகரும் என்று ஊகித்துப் பார்த்தேன்.
நான்கு முறை. நான்கும் தப்பு.

மூச்சு வாங்க அவள் போனை எடுக்கிறாள்.
"ஜன்னல் பக்கம் வந்துவிட்டது."
"ஜன்னலா? கண்ணாடி. இன்னும் கொஞ்சம் இழு."
"அக்கா, கீழ்வீட்டு இல்ஹாமி தெருவில் நிற்கிறார்.
செருப்புக்கூட இல்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு.
சத்தம் கேட்டு ஓடியிருக்கிறார்.
பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே போங்கள்
என்று சொல்லிவிடட்டுமா?"

கட்டில்தான் என்று சொல்,
என்றேன்.