ஆறாம் இலக்கம்

பாசையூர் இறங்குதுறையில், விடிய ஐந்தரைக்கு,
நண்டு நிறுக்கிற தராசைச் சுற்றி நின்று
அரையிறுதிக்குப் பதினொரு பேரைத் தெரிந்தார்கள்.
பத்துப் பேரில் தகராறு இல்லை.

"றொக்சனை இருத்து" என்றார் லிகோரி,
கால் முறியாமல் ஒரு நண்டை வலையிலிருந்து கழற்றியபடி.
"ஓடுறானோ? இல்லை. அடிக்கிறானோ? இல்லை.
ரண்டு வருசத்தில ஒரு கோல்,
அதுவும் முழங்காலில பட்டுப் போனது."

"முழங்காலும் அவன்ரைதானே."
ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த மெற்றில்டா அக்கா
நிமிரவில்லை.

"பந்தைப் பின்னுக்கெல்லே குடுக்கிறான்!
பின்னுக்குத்தான் விளையாட்டெண்டால்
அங்கால் பக்கம் போய் நிக்கட்டும்."

"காத்து எதிர்த்தால் நீ நேரவோ கரைக்கு வாறனி?
வளைச்சுத்தானே வாறனி?"

"அது பாய்க் காலம். இப்ப எஞ்சின் இருக்கு.
டினுஷனைப் பார், பத்தொன்பது வயசு,
பதினைஞ்சு குதிரை. இழுத்துவிட்டால் நேர கோல்தான்."

"பதினைஞ்சு குதிரையும் போகும்,
சுக்கான் பிடிக்கிறது ஆர்?"

ஒரு கிழமையாக இதே கதை.
கோயில் மணி அடித்தும் ஒருவரும் அசையவில்லை.
பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்:
"பிள்ளை, கொப்பியைப் பாத்துச் சொல்லு."

என் கொப்பியில் இடப்பக்கம் நண்டு,
வலப்பக்கம் பந்து.
காலிறுதியில் றொக்சன் தொட்டது அறுபத்தொரு தரம்.
பிழைத்தது நாலு.
அதில் ஒன்று மாடு குறுக்கே வந்தது,
கழித்தால் மூன்று.

லிகோரி சிரித்தார்.
"அறுபத்தொருக்கா நண்டைத் தொட்டாலும்
தராசில போட்டால்தானடி காசு."

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.
கொப்பியிலும் இல்லை.

அப்போதுதான் அவனுடைய படகு வந்தது.
உடனே எல்லோருக்கும் மண்ணெண்ணெய் விலை ஞாபகம் வந்துவிட்டது.
றொக்சன் கூடையைத் தராசில் வைத்தான்.
மூன்று கிலோ எழுநூறு.
ஈரத்துக்கு இருநூறு கழிப்பது வழக்கம்,
நான் கழிக்காமல் எழுதினேன்.
அவன் கொப்பியை எட்டிப் பார்த்தான்.
"கழி, பிள்ளை."

கழித்தேன்.

சனிக்கிழமை ஆறாம் இலக்கம் டினுஷனின் முதுகில் இருந்தது,
பின்னூசி குத்தி, கொஞ்சம் பெரிதாக.
மதிலில் ஆட்கள், வேம்பில் ஆட்கள்,
ஐஸ்கிறீம் வானின் கூரையில் மூன்று பொடியள்.
பொடியன் ஓடினான், உண்மையாகவே ஓடினான்,
புழுதி அவனைப் பிடிக்க முடியாமல் பின்னால் வந்தது.
ஆனால் பந்து எப்போதும்
அவன் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து
அப்போதுதான் புறப்பட்டிருந்தது.

அறுபத்து நாலாவது நிமிடம்.
வாங்கில், துவாயைத் தோளில் போட்டபடி
பதினாறாம் இலக்கச் சட்டையோடு றொக்சன்.
கத்தவில்லை. எழும்பவும் இல்லை.
டினுஷன் ஒருக்கால் திரும்பிப் பார்த்தபோது
முழங்காலுக்குப் பக்கத்தில் இடக்கை அசைந்தது.
இரண்டு விரல்.
பொடியன் இரண்டு அடி இடப்பக்கம் போனான்.
மற்றப் பக்கத்தான் அடித்த பந்து
நேரே அவன் காலில் வந்து விழுந்தது.
அதற்குப் பிறகு நான் எழுதவில்லை,
எழுத நேரமில்லை, கோல்.

"இருத்தச் சொன்னன், இருத்தினாங்கள், வெண்டம்!"
லிகோரி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.
வேட்டுச் சத்தம் இரவு பத்து வரைக்கும்.

நான் விளக்கடியில் கொப்பியை விரித்தேன்.
றொக்சன்: தொட்டது இல்லை. பிழைத்தது இல்லை.
இரண்டு விரலை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
கனநேரம் யோசித்துவிட்டு
மூடி வைத்தேன்.

திங்கள் விடிய, துறையில் பைனல் கதை.
இம்முறை கோலியில் தகராறு.
மெற்றில்டா அக்கா ஐஸ் அள்ளப் போன நேரம்
லிகோரி தராசடிக்கு வந்தார்,
நிறுக்க ஒன்றும் கொண்டுவரவில்லை.

"பிள்ளை, அவன் கையைக் காட்டினதைக்
கண்டனியோ?"

"கண்டனான்."

கடலைப் பார்த்தார். தராசைப் பார்த்தார்.
"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."